பூட்டுகிற ஊரும் கழற்றுகிற ஊரும்

மாருதி 800 இந்தியாவில் 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தியை நிறுத்தினார்கள். 796 சீசீ, மூன்று சிலிண்டர், நாலு பேர் நெருக்கிக்கொண்டு இருக்கலாம். சென்னையில் ஓடிய அதே கார் கப்பலேறி இலங்கைக்கும் வந்தது. திருகோணமலையில் இன்னும் ஓடுகிறது: உவர்மலை ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறும், சீனக்குடாப் பக்கம் வேலைக்குப் போய்வரும், வெள்ளிக்கிழமையில் கோணேசர் கோயிலடியில் நிற்கும். பழைய காருக்கு எதிர்பாராமல் ஒரு பெரிய பில் வந்தால் சனங்கள் என்ன செய்கிறார்கள் என்று இரண்டு ஊர்களை வைத்துப் பார்ப்பதற்கு இதைவிடத் தோதான வாகனம் கிடைக்காது. கார் ஒன்று, வருத்தம் ஒன்று, மெக்கானிக் சொல்கிற முதல் வசனமும் ஒன்று: திறந்து பார்த்தால்தான் தெரியும்.

பில் கைக்கு வந்த பிறகுதான் வழி பிரிகிறது. திருகோணமலையில் பெரும்பாலும் காசைக் கட்டிவிட்டு ஓட்டுகிறோம். சென்னையில் பெரும்பாலும் காரைத் தள்ளிவிடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே வேலைக்கு இங்கேதான் செலவு கூட. மலிவாகத் திருத்தக்கூடிய ஊரில் காரைக் கைவிடுகிறார்கள். திருத்தினால் கையைக் கடிக்கிற ஊரில் விடாப்பிடியாக வைத்திருக்கிறோம். இதை நம்முடைய சிக்கனம், பழைய பொருளில் உள்ள பற்று என்று குணக்கணக்கில் எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. எண்பது தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார்க்கலாம். பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோலும் உதிரிப்பாகமும் இல்லாமல், ஒஸ்ரினையும் மொரிஸ் மைனரையும் நாலு துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்து எரிபொருள் தாராளமாக வந்ததும் அந்த வித்தை நின்றுபோனது. மனிதர்கள் அவர்களேதான், கணக்குத்தான் மாறியது.

பில் ஏன் திடீரென்று வீங்குகிறது என்பதில் இரண்டு ஊருக்கும் வித்தியாசமில்லை. வெப்பமானியின் ஊசி சிவப்புக்கு ஏறுகிறது. இன்னும் இரண்டு கட்டைதானே என்று ஓட்டுகிறார்கள். எஞ்சின் கொதித்து, அலுமினிய ஹெட் நெளிந்து, கேஸ்கட் எரிந்து, தண்ணீரும் ஒயிலும் கலந்து டிப் ஸ்டிக்கில் பால் தேத்தண்ணி நிறத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது. கராஜில் முதலில் சொல்கிற தொகை கேஸ்கட்டுக்கும் கூலிக்கும் மட்டுமானது. ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி முகம் சீவும்போது வால்வ் சீல்களும் போய்விட்டன என்று செய்தி வரும். இவ்வளவு கழற்றிய பிறகு பழைய டைமிங் பெல்ட்டையே திரும்பப் பூட்டுவது மடத்தனம். கொதித்ததற்கு மூலகாரணமான ரேடியேற்றர் இன்னும் பாக்கி இருக்கிறது. துறைமுகத்தையும் கடற்கரையையும் ஒட்டிய வீடுகள் பலவற்றில் கிணற்றுத் தண்ணீர் சவர். அதையே வருடக்கணக்காக ரேடியேற்றருக்கும் ஊற்றியிருப்பார்கள். மூடியைத் திறந்தால் வாயைச் சுற்றி வெள்ளை உப்பு, உள்ளே செங்கல் நிறச் சேறு. மெக்கானிக் விரலை விட்டு வழித்து, ஒன்றும் பேசாமல், சொந்தக்காரரின் முகத்துக்கு நேரே காட்டுவார். உண்மையான எஸ்டிமேட் அந்த விரல்தான்.

ஒவ்வொரு வரியும் தனியாகப் பார்த்தால் நியாயம்; கூட்டிப் பார்த்தால் முதலில் சொன்னதற்குச் சம்பந்தமே இல்லாத தொகை. உடனே ஏமாற்று என்று முடிவுகட்டுகிறோம். ஏமாற்றும் இருக்கத்தான் செய்கிறது. மாற்றாத சாமானை மாற்றியதாக எழுதுகிற கெட்டிக்காரர்கள் இரு நாட்டிலும் உண்டு. ஆனால் பழைய காரைப் பொறுத்தவரை, ஐந்தாறு வருடத்தில் பிரித்துக் கட்டியிருக்கவேண்டிய சின்னப் பில்கள் எல்லாம் ஒரே நாளில் கூட்டமாக வருவதுதான் வழக்கம். கூலன்ட் ஊற்றாமல் மிச்சம் பிடித்த காசும் அதற்குள்ளே இருக்கிறது.

திருகோணமலைப் பில்லில் கனக்கிற பகுதி சாமான் விலை. மெக்கானிக் ஒரு துண்டில் எழுதித் தருவார். டவுன் கடைகளில் கிடைத்தது போக மிச்சம் கொழும்பிலிருந்து வரவேண்டும், அதிலும் மருதானைக்குப் பக்கத்திலுள்ள பஞ்சிகாவத்தையிலிருந்து. ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகச் சுமார் 260 கிலோமீற்றர். போனில் கதைத்து, காசை வங்கியில் போட்டால், கடைக்காரர் சாமானை அட்டைப்பெட்டியில் கட்டி, மேலே மார்க்கரால் போன் நம்பரை எழுதி இரவு பஸ்ஸில் ஏற்றிவிடுவார். விடியப்புறம் பஸ் நிலையத்தில் கொண்டக்டருக்கு ஒரு தொகையைக் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பெட்டியைப் பிரித்தால் வேறு மாதிரிக் காரின் சாமான் இருக்கும். அது திரும்ப அதே பஸ்ஸில் போகும். அதுவரை கார் கராஜ் வாசலில் பொனட் திறந்தபடி கடற்காற்றுக் குடிக்கும்.

அந்தச் சாமான் டொலருக்கு வாங்கப்பட்டது என்பதை 2022 நமக்கு நன்றாகப் படிப்பித்தது. அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயை அண்டி நின்றது. மார்ச்சில் ரூபாயை அந்த விலையில் பிடித்துவைப்பதைக் கைவிட்டார்கள். மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. இடையில் ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டுவதையே அரசாங்கம் நிறுத்தியது. கடை இராக்கையில் இருந்த கேஸ்கட் அசையவில்லை, அதன் விலை மட்டும் நடந்தது. கூலியும் பின்தங்கவில்லை. அந்த ஒரு வருடத்தில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். ஸ்பானர் பிடித்த கைகள் பலவும் வளைகுடாவுக்குப் போய்விட்டன. எஞ்சிய நல்ல மெக்கானிக்கிடம் வரிசை நீண்டது.

சென்னையில் நிலைமை தலைகீழ். பாடி, அம்பத்தூர் வட்டாரத்தில் பிரேக், ஸ்டார்ட்டர், டைனமோ என்று காரின் உறுப்புகளைச் செய்யும் தொழிற்சாலைகளே ஒரு தலைமுறைக்கு மேலாக இருக்கின்றன. நம்மைக் கொதிக்கவைக்கும் ரேடியேற்றரின் மூடி விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: சென்னையின் சுந்தரம் ஃபாசனர்ஸ் 1990களிலிருந்து அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கே ரேடியேற்றர் மூடி செய்து அனுப்பிய கம்பெனி. புதுச் சாமான் வேண்டாம் என்றால் கூவம் ஓரத்தில் புதுப்பேட்டை இருக்கிறது. கதவு, டிக்கி, டாஷ்போர்ட், கியர்பாக்ஸ் என்று ரகம்வாரியாக அடுக்கி, தெருவையே கழற்றிப்போட்ட மாதிரி இருக்கும். மெக்கானிக் ஷெட்டிலிருந்து பையனை டூ-வீலரில் அனுப்பினால் மத்தியானத்துக்குள் ஆள் சாமானோடு திரும்பிவிடுவான்.

இந்த இரண்டு சந்தைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு விஷயம் பிடிபடுகிறது. புதுப்பேட்டை தன் ஊர்க் கார்களையே கழற்றி வாழ்கிறது. சென்னையில் ஒருவர் கைவிடும் ஒவ்வொரு மாருதியும் இன்னொருவரின் பில்லைக் குறைக்கிறது. பஞ்சிகாவத்தைக்கு வரும் பழைய எஞ்சின்களும் கியர்பொக்ஸ்களும் பெரும்பாலும் யப்பானில் கழிக்கப்பட்ட கார்களிலிருந்து கொண்டெய்னரில் வருகிறவை. யப்பான் ரகங்களுக்கு அது வசதி; டொயோட்டா, நிசான் வைத்திருப்பவர் ‘ரீகண்டிஷன்’ எஞ்சினே போடலாம். இந்திய மாருதிக்கு அந்தக் கதவும் பாதி மூடியது. நாமோ காரைக் கழிப்பதில்லை. ஒருவரும் கைவிடாத நாட்டில் கழற்றிய சாமான் எங்கிருந்து வரும்? காரை விடாமல் பிடித்திருப்பதே அதைப் பிடித்திருக்கும் செலவைக் கூட்டுகிறது.

இனி முடிவெடுக்கும் கணக்கு. சென்னைக்காரர் பில்லைத் தன் காரின் விலையோடு வைத்துப் பார்க்கிறார். பதினைந்து வயது தாண்டிய மாருதிக்கு அங்கே விலை சொற்பம். பில் அதில் பாதியைத் தொட்டாலே நெஞ்சு துணுக்குறும். மெக்கானிக்கே சொல்லிவிடுவார்: “சார், இதுக்கு மேல காசு போடாதீங்க. யாராவது கேட்டா குடுத்துடுங்க.” திருகோணமலைக்காரர் அதே பில்லை வேறொரு கார் வாங்குவதற்கான விலையோடு வைத்துப் பார்க்கிறார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரி முதலாம் திகதி. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து வருடத்தில், ஓட்டித் தேய்ந்த காரை வாங்கிய விலைக்கு மேலே விற்றவர்களை எல்லோருக்கும் தெரியும். இங்கே மெக்கானிக் சொல்கிற புத்தி இப்படி: “இதை வித்த காசுக்கு இதைப்போல ஒண்டு எடுக்கேலாது அண்ணை. செய்துபோட்டு ஓடுங்கோ.”

இருவரும் பொய் சொல்லவில்லை. பில்லை எதனால் வகுக்கிறோம் என்பதுதான் வேறு.

இந்தியாவில் அரசும் கைவிடும் பக்கமே தள்ளுகிறது. பதினைந்து வருடம் முடிந்தால் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றிதழைப் புதுப்பிக்கவேண்டும், காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். பழைய வாகனங்களைக் கழிக்கும் கொள்கையை 2021 ஆகஸ்ட் 13ஆம் திகதி பிரதமரே தொடக்கிவைத்தார். பிறகு 2025 செப்டெம்பர் 22இல் ஒரே நாளில் இரண்டு காரியம் நடந்தது: உதிரிப்பாகங்களின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, சின்னக் கார்களின் வரியும் 28இலிருந்து 18 ஆனது. முதலாவது பழைய காரைத் திருத்தச் சொல்கிறது, இரண்டாவது புதுக்காருக்கு அழைக்கிறது. ஒரு ரேடியேற்றரில் குறைகிற பத்துச் சதவீதமும் ஒரு காரில் குறைகிற பத்துச் சதவீதமும் ஒன்றா? அழைப்புத்தான் வெல்லும்.

சென்னையிலும் எல்லாக் காருக்கும் சாமான் மலிவாக உடனே கிடைக்கும் சுகம் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மறைமலைநகரில் கார் செய்த ஃபோர்ட் 2021 செப்டெம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, சாமான் வழங்குவது தொடரும் என்று சொன்னாலும், ஃபோர்ட் வைத்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் திருகோணமலைக் குளிர் அடித்தது.

நம் குடும்பங்களில் மூன்றாவது குரல் ஒன்றும் வரும்: இலண்டனிலிருந்து மச்சான். பில் தொகையைக் கேட்டதும் “உந்தக் கட்டையை எறியடாப்பா” என்பார். அவருடைய ஊரில் அது சரியான புத்தி. அங்கே மெக்கானிக்கின் ஒரு மணித்தியாலக் கூலியே சாமானை விழுங்கிவிடும், வருடாந்தச் சோதனையில் அடிப்பாகம் தவறினால் கார் வீதிக்கு வராது. 2023 ஆகஸ்ட் 29 முதல் புகை அதிகமான கார்களுக்கான நாள் கட்டணத்தை மாநகரம் முழுவதற்கும் விரித்தபோது, கழிக்கிறவருக்கு 2,000 பவுண் கொடுத்தார்கள். எறிவதற்குக் காசு தந்த ஊரிலிருந்து வரும் அறிவுரை, எறிந்தால் பஸ்ஸில் போகவேண்டிய ஊருக்குப் பொருந்தாது. அவர் அனுப்பும் காசு பொருந்தும்.

இவ்வளவும் சொன்னதால் திருகோணமலைக் கணக்கே சரி என்று நான் வாதாடுவதாக எடுக்கவேண்டாம். நம் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை உண்டு, அது கறள். இந்த ஊருக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல்: உள்துறைமுகம், கொட்டியார் குடா, நிலாவெளிக் கரை. வாடைக்காற்று மாதங்களில் கண்ணாடியில் காலையில் படிந்திருப்பது வெறும் பனியல்ல, விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் தெரியும். அதே உப்பு காரின் அடியிலும் படிகிறது. அங்கே யாரும் துடைப்பதில்லை. மெல்லிய தகட்டு உடம்புள்ள சின்னக் காருக்கு எஞ்சினைவிட இதுதான் எமன். இந்தியாவில் பதினைந்தாம் வருடத்தில் ஆர்.டி.ஓ. என்கிற போக்குவரத்து அலுவலகத்தில் காரை நிறுத்திக் காட்டியாக வேண்டும். எவ்வளவு ஒழுங்காகப் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை, ஒரு வாசலாவது இருக்கிறது. இலங்கையில் லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு. தனியார் காருக்கு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனை போதும். புகை சுத்தமாக வந்தால் அடித்தட்டில் கால் போகிற ஓட்டை இருந்தாலும் கார் வருடாவருடம் சட்டப்படி உயிர்பிழைக்கிறது. ஹெட்டுக்கும் ரேடியேற்றருக்கும் காசைக் கொட்டி, அந்த எஞ்சினைத் தாங்கமுடியாத உடம்பில் பூட்டிக்கொண்டு போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பில்லில் தகராறு வந்தால்? இரண்டு நாட்டிலும் காசு கட்டும்வரை காரைப் பிடித்துவைக்க மெக்கானிக்குக்கு உரிமை உண்டு. இந்தியாவில் அது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு. இலங்கையில் அது உரோமன்-டச்சுச் சட்டத்தின் வழியே வருகிறது. 1639இல் இந்த ஊர்க் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர் விட்டுப்போன சாமான்களில் இன்னும் ஓடுவது இது ஒன்று. ஆகவே சண்டை பிடித்துச் சாவியைப் பறிப்பதில் பலனில்லை. வரிவரியாக எழுதிய பில்லைக் கேட்டு வாங்கி, ஆட்சேபணையோடு கட்டுகிறேன் என்று அதிலேயே எழுதி, கழற்றிய பழைய சாமான்களையும் வாங்கிக்கொண்டு காரை எடுப்பதுதான் புத்தி. அதன்பிறகு, இங்கே 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்ட ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் தருகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. காகிதத்தில் சென்னைக்காரருக்குக் கை ஓங்கித்தான் இருக்கிறது.

நடைமுறையில் நம்மூரில் யாரும் 1977க்கு அழைப்பதில்லை. மெக்கானிக் யாரோ ஒருவரல்ல. ஒருவருக்குத் தம்பி, இன்னொருவருக்கு நானா. பிள்ளையோடு படித்தவராக இருப்பார், அடுத்த தடவை நிலாவெளி வீதியில் கார் நின்றால் கூப்பிடவேண்டியதும் அவரையே. அதனால் தகராறு பேரமாகக் கரைகிறது. பாதியை இப்போது தாறன், மிச்சம் சம்பளத்தோடு என்றால் தலையாட்டிவிடுவார். இந்தக் கடன்வசதி பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது: கடன் சொன்னவர் வரிவரியாகப் பில் கேட்கக் கூச்சப்படுகிறார். ஒரு கொப்பித் தாளில் கூட்டுத்தொகை மட்டும் வருகிறது. சென்னையில் இப்போது வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, சொன்ன தொகையைத் தாண்டும்போது ஒப்புதல் கேட்கிற ஷெட்கள் பெருகுகின்றன. அந்தப் பழக்கத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம், உறவு கெடாது. திறக்குமுன் ஒரு தொகை, திறந்தபின் ஒரு தொகை, அதற்குமேல் போனால் கேட்டுவிட்டுச் செய் என்று முதல்நாளே சொல்லிவைத்தால், கடைசிநாள் முகம் சுளிக்கவேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்யவும் தேவையில்லை. பிரேக்கும் கொதிப்பும் இன்றைக்கு, ஷொக் அப்சோபரும் பெயின்ட்டும் பிறகு.

2025இல் இறக்குமதி திறந்த பிறகும் வரிகளைச் சேர்த்தால் புதுக்கார் விலை எட்டாத உயரத்தில்தான் நிற்கிறது. பாவித்த காரும் மூன்று வயதுக்குட்பட்டதாக இருந்தால்தான் நாட்டுக்குள் வரலாம். ஆகவே இங்கே செய்துபோட்டு ஓடுங்கோ என்பது இன்னும் சில காலத்துக்குப் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சென்னையில், உடம்பு நல்லாயிருக்கிற காரை ஒரு கேஸ்கட்டுக்காகத் தள்ளிவிடுகிறவர் அவசரப்படுகிறார் என்றே எனக்குப் படுகிறது. ஆர்.சி. முடிய நாலு வருடம் இருக்குமானால், அந்தப் பில் நாலு வருடத்துக்கான வாடகை என்று வகுத்தால் புதுக்காரின் ஒரு சில மாதத் தவணைக்குள் அடங்கிவிடும்.

திருகோணமலைக்காரர் எஞ்சினுக்கு எஸ்டிமேட் கேட்பதற்கு முன் காரைச் சேர்விஸ் ஸ்டேஷனில் தூக்கிப் பார்க்கச் சொல்லவேண்டும். முன்சில்லுகளின் கைகள் பூட்டியிருக்கும் இடத்திலும் கதவுக்குக் கீழ் ஓரத்திலும் ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் தட்டினால், நல்ல தகடு சத்தம் போடும். செத்த தகடு உதிர்ந்து கையில் விழும், சில இடத்தில் நுனி உள்ளே போய்விடும். சின்ன ஓட்டை என்றால் வெட்டி ஒட்டலாம். கைகள் பூட்டும் இடமே போயிருந்தால் ஹெட்டைக் கழற்றவேண்டிய அவசியமில்லை. அந்த மாருதியைத்தான் துணிந்து கழற்றி விற்கவேண்டும். அதன் கியர்பொக்ஸும் கதவுகளும் டைனமோவும் கிண்ணியாவிலோ தம்பலகாமத்திலோ நிற்கும் இன்னொரு மாருதிக்குப் போகும். அந்தக் காரின் சொந்தக்காரர் கொழும்பு பஸ்ஸுக்காக விடியப்புறம் எழும்பவேண்டியதில்லை.